ஃபிரிந்தும் பழுதும்: உருகிய எஃகு உறைந்த வரலாறு

மாணிக்கத்தையும் முத்தையும் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட ஒரு நூலில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அபூ ரைஹான் அல்பீரூனி (973–1048) தம் முதுமையில் கஸ்னியின் சுல்தான் மவ்தூதுக்காக எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' மணிகளில் தொடங்கி உலோகங்களுக்கு வருகிறது. அதன் இரும்பு இயலில் ஒரு செய்முறை பதிவாகியுள்ளது. டமாஸ்கஸ் நகரத்துக் கொல்லர் மஸ்யத் இப்னு அலீ வாள்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து அதைப் பெற்றதாக அல்பீரூனி கூறுகிறார்.

களிமண் மூசை ஒவ்வொன்றிலும் 5 ராத்தல் அளவுக்குக் குதிரை லாடங்களும் அவற்றின் ஆணிகளும் இடப்படும். (தமிழின் 'ராத்தல்' அறபியின் 'ரத்ல்' வழிவந்ததே.) அவற்றோடு சில கனிமப் பொடிகள் சிறிதளவு சேரும். மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி உலையில் அடுக்கிக் கரியை நிரப்புவர். துருத்தி ஒன்றுக்கு இருவராக நின்று, உள்ளிருப்பது உருகிச் சுழலும்வரை ஊதுவர். பிறகு கடுக்காய், மாதுளை ஓடு, உப்பு, சிப்பி ஓடு ஆகியவற்றைச் சமமாக இடித்துச் சேர்த்த பொதியை இட்டு, மீண்டும் ஒரு மணிநேரம் கடுமையாக ஊதுவர். அதன்பின் தீயை விட்டுவிட்டு ஆற வைப்பர். ஆறியபின் மூசையிலிருந்து எடுக்கப்படும் எஃகுக் கட்டிக்கு 'முட்டை' என்று பெயர். நம் வீடுகளில் மருந்தாகக் கிடக்கும் கடுக்காய் எஃகு உலைக்குள் போவது வியப்பாக இருக்கலாம். எரிந்து கரியாகி இரும்பில் கலப்பதே அதன் பணி. ஓடும் உப்பும் கசடாகி மேலே மிதந்து உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும்.

நம் கவனத்துக்கு உரியது இச்செய்முறை மட்டுமன்று. அதனையொட்டி அல்பீரூனி சொல்லும் விளக்கமே பெரிது. மூசைக்குள் மென்மையான இரும்பும் எளிதில் உருகி நீராகும் இரும்பும் சமமாக உருகி ஒன்றோடொன்று முற்றக் கலந்துவிட்டால், எது எதுவெனப் பிரித்தறிய இயலாத ஒரே சீரான எஃகு கிடைக்கும். அஃது அரம் செய்வதற்கு ஏற்றது. உருகும் அளவு வேறுபட்டுக் கலப்பு முழுமையடையாவிட்டால் இருவகை நிறங்களும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்; அதுவே 'ஃபிரிந்த்' எனும் நீரலைக் கோலம். வாளின் மேனியில் தெரியும் கோடுகள் மூசைக்குள் அது நீராக இருந்தபோது நடந்தவற்றின் சுவடுகள் என்று அவர் கண்டார். திடப்பொருளின் மேற்பரப்பைப் பார்த்து, அது திரவமாக இருந்த நாளின் வரலாற்றைப் படித்த முதல் அறிஞருள் ஒருவராக அவரைக் கொள்வதில் தவறில்லை.

அவருக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே அல்கிந்தி, கலீஃபா முஃதஸிமுக்காக (ஆட்சி 833–842) வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். ராபர்ட் ஹாய்லண்டும் பிரயன் கில்மோரும் 2006இல் அதனை ஆங்கிலத்தில் விரிவான ஆய்வுரையுடன் வெளியிட்டனர். அல்கிந்தி கொல்லர் அல்லர். வாங்குவோர் ஏமாறாதிருக்க உதவும் மதிப்பீட்டாளர். எஃகு எங்கிருந்து வந்தது, எந்த நாட்டில் அடிக்கப்பட்டது, கோலம் எப்படி ஓடுகிறது என்பவற்றைக் கொண்டு வாளின் இனத்தை அவர் பிரிக்கிறார். ஸரந்தீப் எஃகு, அதாவது இலங்கையிலிருந்து சென்ற எஃகு, அவர் பட்டியலில் தனி இடம் பெறுகிறது. துருக்மெனிஸ்தானின் பழைய மர்வ் நகரில் 1990களில் நடந்த அகழாய்வில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மூசை எஃகுப் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. உடைந்த மூசைகளின் உட்சுவரில் கண்ணாடி போன்ற கசடு வளையமாக ஒட்டியிருந்தது. உலோகத்தின் மட்டம் எங்கே நின்றது என்பதை அவ்வளையமே காட்டிற்று.

இக்கோலம் உண்மையில் எப்படி உண்டாகிறது என்பது அண்மைக் காலம்வரை புதிராகவே இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் 1990களில் தாமே மூசை எஃகு வார்த்து அடித்துப் பார்த்துப் பெற்ற விடை இது: உருகிய எஃகு ஒரே கணத்தில் உறைவதில்லை. முதலில் மரக்கிளை போன்ற படிகங்கள் வளர்கின்றன. அவை தூய இரும்பைப் பெரிதும் தம்மிடம் கொண்டு, கரியையும் பிற கலப்புகளையும் கிளைகளுக்கு இடையே எஞ்சிய திரவத்துக்குத் தள்ளிவிடுகின்றன. கடைசியில் உறையும் அவ்விடுக்குகளில் கலப்புகள் செறிந்து நிற்கும். வனேடியம் போன்ற தனிமம் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு இருந்தாலே போதும். பின்னர் மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்கும்போது கரிச்சேர்மங்கள் அவ்விடங்களிலேயே வரிசையாகத் திரள்கின்றன. அல்பீரூனி கருதியது போல இருவகை இரும்பும் கலவாமல் நின்றதன்று. கலந்த ஒன்றே உறையும்போது மீண்டும் ஒதுங்கிப் பிரிகிறது. விளக்கத்தின் இறுதிப் படி அவர் சொன்னதினின்று வேறுபடினும், கோலத்தின் காரணத்தை உலோகத்தின் திரவ நிலையில் தேடியது சரியே.

ஈண்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நுண்குழாய்களைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினர். அன்று முதல், 'நானோ தொழில்நுட்பத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர்' என்று நம்மவர் இதழ்கள் எழுதிக் குவித்தன. நுண்குழாய் இருந்ததற்கும் அறிந்திருந்ததற்கும் உள்ள தொலைவு பெரிது. கொல்லர் அறியாத ஒன்றை அவர் தலையில் கிரீடமாகச் சூட்டுவதைவிட, அவர் அறிந்திருந்ததை, அதாவது உருகலும் கலத்தலும் ஆறலும் எஃகின் குணத்தை முடிவு செய்கின்றன என்னும் தெளிவை மதிப்பதே முறை.

இந்த அறிவு ஐரோப்பாவின் பட்டறைகளைத் தொட்ட வழிகளுள் ஒன்று நம் கடற்கரை வழியாகச் செல்கிறது. முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என அழைத்துவந்த பரங்கிப்பேட்டையில் 1830இல் ஓர் இரும்பாலையைத் தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கும்பெனி அலுவலராக இருந்து அதைவிட்டு விலகியவர். சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டு ஆங்கில முறையில் உருக்குவது அவர் திட்டம். ஆலை ஆதாயம் தரவில்லை. ஆனால் ஹீத் ஊர்க் கொல்லர்களைக் கவனித்தார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையை மூசையிலிட்டு எருக்கிலையால் மூடி, களிமண் அடைத்து உருக்கும் முறையை 1839இல் கட்டுரையாக எழுதினார். அல்பீரூனியின் கடுக்காய் இருந்த இடத்தில் இங்கே ஆவாரை இருந்தது.

அதே 1839இல் ஷெஃபீல்டு எஃகு வார்ப்பில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். எஃகின் குணம் உயர்ந்தது; விலை குறைந்தது. ஆனால் அவருடைய முகவரே முறையைச் சிறிது மாற்றிப் பயன்படுத்த, ஹீத்தின் எஞ்சிய வாழ்நாள் வழக்குகளில் கழிந்தது. மாங்கனீஸ் என்ன செய்தது என்பது பின்னரே முழுதும் விளங்கிற்று. இரும்பிலுள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்தால், எஃகு உறைந்தபின்னும் ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில்கூட உறையாமல் படிகங்களுக்கிடையே மெல்லிய திரவப் படலமாகக் கிடக்கும்; சிறிது இழுத்தாலும் அங்கே விரிசல் விடும். மாங்கனீஸ் இருந்தால் கந்தகம் அதனோடு சேர்ந்து 1600 பாகைக்கும் மேலே திடமாகிவிடும் துகளாக ஒதுங்கும். இன்றைய தொடர்வார்ப்பு ஆலைகளில் எஃகின் மாங்கனீஸுக்கும் கந்தகத்துக்கும் உள்ள விகிதத்தை முதலில் பார்ப்பது இதனாலேயே.

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எஃகு இராத்தல் கணக்கிலிருந்து டன் கணக்குக்கு மாறியது. மூசைக்குள்ளேயே ஆறிய சிறு முட்டைக்குப் பதிலாக, இரும்பு அச்சுகளில் ஊற்றப்பட்ட பெருங்கட்டிகள் வந்தன. உறைதலின் குணம் மாறவில்லை. அளவு மாறியதால் தீங்கு பெருகிற்று. எஃகு உறையும்போது சுருங்குவதால் கட்டியின் தலைப்பகுதியில் குழி விழும். நடுவில் கந்தகமும் பாஸ்பரசும் கரியும் திரளும். தலைப்பகுதியைப் பெருமளவில் வெட்டி எறிந்தாலன்றி மீதம் பயன்படாது. ரஷ்யாவின் டிமீத்ரி செர்னோவ் 1878இல் எஃகுக் கட்டி உறையும் விதத்தை விளக்கினார். நூறு டன் கட்டி ஒன்றின் சுருக்கக் குழியில் கிடைத்த 39 சென்டிமீட்டர் நீளமுள்ள தனிப்படிகம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தேவதாரு மரம் போன்ற அதன் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வாளில் கண்ணுக்கு இனிய அலையாக இருந்த அதே ஒதுங்கல், துப்பாக்கிக் குழலிலும் தண்டவாளத்திலும் மறைந்திருந்து உயிர்குடிக்கும் பழுதாக ஆகிவிட்டது.

கட்டி கட்டியாக வார்க்காமல் ஆறு ஓடுவதுபோல் எஃகை இடைவிடாது வார்த்தால் என்ன? ஹென்றி பெஸ்ஸமர் 1857இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். குளிர்ந்த இரு உருளைகளுக்கு இடையே உருகிய எஃகை ஊற்றி, கீழே தகடாக இழுப்பது அவர் எண்ணம். எண்ணம் சரி, அந்நாளில் கைகூடவில்லை. அமெரிக்காவில் ஓர் ஆலை இவ்வகைத் தகட்டை வணிக அளவில் வார்க்கத் தொடங்கியது 2002இல்தான். இடையில் வென்றது வேறொரு வழி: அடியில்லாத, நீரால் குளிர்விக்கப்பட்ட செப்பு அச்சு. மேலே ஊற்ற ஊற்ற, அச்சின் சுவரையொட்டி ஓர் ஓடு உறையும். அந்த ஓட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்வது எளிது. ஓடு அச்சில் ஒட்டிக்கொண்டால் கிழியும். கிழிந்தால் உள்ளே இருக்கும் 1500 பாகைத் திரவம் அச்சுக்குக் கீழே பீறிட்டு எந்திரத்தின்மேல் பாயும். தொடர்வார்ப்புத் தொழிலாளர்கள் இன்றும் அஞ்சுவது இந்த உடைப்பையே. ஜெர்மனியின் ஸீக்ஃபிரிட் யுங்ஹான்ஸ் 1933இல் இதற்கு விடை கண்டார்: அச்சையே மேலும் கீழும் அசைப்பது. 1950களில் இங்கிலாந்தின் பாரோ ஆலையைச் சேர்ந்த ஹாலிடே அதைச் செம்மைப்படுத்தினார். அச்சு கீழிறங்கும்போது பாளத்தைவிடச் சற்று விரைவாக இறங்கினால், ஓட்டில் விழும் சிறு கிழிசல்கள் அழுத்தப்பட்டு மூடிக்கொள்ளும். செம்பு, பித்தளை வார்ப்பில் வேரூன்றிய முறை இவ்வாறு எஃகுக்கு வந்தது. 1970இல் உலக எஃகில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே தொடர்வார்ப்பில் வந்தது. இன்று தொண்ணூற்றைந்துக்கும் மேல்.

அச்சு அசைவதற்கும் விலையுண்டு. ஒவ்வோர் அசைவுக்கும் பாளத்தின் மேனியில் ஒரு குறுக்குக்கோடு விழும். கோடு ஆழமானால் அதன் அடியில் விரிசல் ஒளிந்திருக்கும். ஆயினும் 1960களுக்குப் பிறகு ஆய்வாளர்களை அதிகம் வருத்தியது அச்சுக்குள் திரவம் ஓடும் விதமே.

அந்த ஓட்டத்தைச் சற்று நின்று பார்ப்போம். பெருங்கொப்பரையிலிருந்து எஃகு ஓர் இடைத்தொட்டிக்கு இறங்குகிறது. அங்கிருந்து, நுனி திரவத்தில் மூழ்கிய சுடுமண் குழாய் வழியே அச்சுக்குள் செல்கிறது. தட்டையான பாளம் வார்க்கும் அச்சில் குழாய்க்கு இருபுறமும் துளைகள். அவற்றிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் விரைவில் பாயும் தாரைகள் குறுகிய சுவர்களில் மோதிப் பிளக்கின்றன. ஒரு பகுதி சுவரையொட்டி மேலேறி மேற்பரப்பில் குழாயை நோக்கித் திரும்பும். மற்றொரு பகுதி கீழே ஆழத்துக்குப் போகும். மேற்பரப்பின்மீது அச்சுப்பொடி தூவப்பட்டிருக்கும். அது உருகிக் கண்ணாடிக்கசடாகி எஃகைக் காற்றிலிருந்து காக்கும். அச்சுக்கும் ஓட்டுக்கும் இடையே வழிந்து உயவுப்பொருளாகவும் ஆகும். மர்வ் மூசைகளில் மிதந்த கசடு செய்த காவல் வேலையை இங்கே இது செய்கிறது.

சிக்கல் எங்கே என்றால், மேற்பரப்பின் ஓட்டத்துக்கு நடுவழி ஒன்றே உண்டு. விரைவு மிகுந்தால் அலை எழும். கசடு துணுக்குத் துணுக்காய்ப் பிய்ந்து எஃகுக்குள் இழுக்கப்படும். விரைவு குறைந்தால் மேற்பரப்பின் விளிம்பு உறைந்து கொக்கிபோல் உள்ளே வளையும். மேலேறி வரும் குமிழிகளும் துகள்களும் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். நொடிக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் அளவில் ஓடினால் பெரும்பாலும் நலம் என்பது அனுபவக் கணக்கு. இதனிடையே எஃகில் மிதக்கும் அலுமினா துகள்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டி அதனை அடைக்கும். அடைப்பைத் தடுக்க ஆர்கான் வாயு ஊதுவர். ஒருபுறத் துளை அடைபட்டால் தாரைகள் சமம் குலைந்து, ஒரு பக்கம் கொந்தளிக்கும், மறுபக்கம் தேங்கும். ஆர்கான் குமிழியே பழுதாகவும் ஆகும்: அலுமினாவைச் சுமந்த குமிழி கீழ்நோக்கிய ஓட்டத்தில் இழுபட்டு ஓட்டில் சிக்கினால், பாளம் தகடாக உருட்டப்படும்போது அது நீண்ட கோடாகவோ கொப்புளமாகவோ வெளிப்படும். கார் கதவின் பளபளப்பில் தெரியும் ஒரு மெல்லிய கீறல், சில வாரங்களுக்கு முன் அச்சுக்குள் எழுந்த ஒரு சுழலின் எழுத்தாக இருக்கலாம். காரின் சக்கர உறையில் இழையும் கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒன்று. அதை இழுக்கும்போது ஒரு கடினத் துகள் குறுக்கிட்டாலும் கம்பி அறும்.

உருகிய எஃகினுள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இயற்கை ஒரு வசதி செய்திருக்கிறது. அடர்த்திக்கு ஏற்பக் கணக்கிட்டால், எஃகின் பாகுநிலையும் அறை வெப்பத்திலுள்ள நீரின் பாகுநிலையும் ஏறக்குறைய ஒன்றே. எனவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் அச்சு செய்து, நீரை ஓடவிட்டுச் சாயம் கலந்து பார்த்தால் உள்ளே நடப்பது பெரிதும் விளங்கும். 1970களில் ஜூலியன் ஸெக்கெலி போன்றோர் இவ்வோட்டத்தைச் சமன்பாடுகளால் கணிக்கத் தொடங்கினர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆலையொன்று காந்தப்புலத்தால் தாரையை மட்டுப்படுத்திற்று.

எந்திரத்தின் வடிவமும் ஓட்டத்துக்குப் பகையானது உண்டு. முதலில் வந்தவை செங்குத்தானவை. கட்டடம் மிக உயரமாக வேண்டும். 1963–64இல் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வளைந்த அச்சு வந்தது. உயரம் குறைந்தது, செலவு குறைந்தது. பிறகுதான் தெரிந்தது: வளைவில் மேலேற முயலும் துகள்கள் மேற்புற ஓட்டின் அடியில் முட்டிச் சிக்கி, பாளத்தின் மேல்பாதியில் ஒரு பட்டையாகத் தங்கிவிடுகின்றன. ஆகவே தூய எஃகு வேண்டும் ஆலைகள், முதல் இரண்டரை மூன்று மீட்டரைச் செங்குத்தாக வைத்து அதன்பின் வளைக்கும் எந்திரங்களுக்குத் திரும்பின. மிச்சம் பிடித்ததைத் தரத்துக்காகத் திருப்பிக் கொடுத்த கதை இது.

இத்துறையில் ஒரு பெயரை நாம் அறிந்திருக்க வேண்டும். 1952இல் கொழும்பில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் பயின்ற இந்திரா சமரசேகர, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் பிரிமகோம்புடன் சேர்ந்து சதுரப் பாளங்கள் ஏன் சாய்சதுரமாகக் கோணிப்போகின்றன என்பதை ஆராய்ந்தார். பழி எஃகின்மேல் இல்லை. அச்சைக் குளிர்விக்கும் நீர் போதிய விரைவில் ஓடாவிட்டால் செப்புச் சுவரில் விட்டுவிட்டுக் கொதிக்கும். நான்கு சுவர்களும் ஒன்றுபோல் குளிராது. அச்சு உருமாறி ஓடு சமனற்று வளரும். எஃகின் ஓட்டத்தைப் போலவே நீரின் ஓட்டமும் பழுதுக்குக் காரணம் என்று கணக்கிட்டுக் காட்டிய ஆய்வு அது. 2005 முதல் 2015 வரை அவர் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். ஸரந்தீப் எஃகை அல்கிந்தி குறித்துவைத்ததை அறிந்தோர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாளத்தின் நடு எஞ்சுகிறது. அச்சைவிட்டு வெளிவரும்போது ஓட்டின் தடிமன் 15 முதல் 25 மில்லிமீட்டரே. உள்ளே திரவம் இன்னும் பத்து, இருபது மீட்டர் தொலைவு ஓடிய பின்பே நடு உறைகிறது. கடைசித் துளி, கலப்புகள் செறிந்த துளி. உறையும் எஃகு சுருங்கும்போதும், உருளைகளுக்கிடையே பாளம் சற்றே உப்பும்போதும், செறிந்த அத்திரவம் படிகங்களின் இடுக்கு வழியே நடுக்கோட்டுக்கு உறிஞ்சப்படும். எண்ணெய்க் குழாய்க்கான தகட்டில் இக்கோடு இருந்தால், கடினமாகிவிட்ட அவ்விடத்தில் ஹைட்ரஜன் புகுந்து பிளவு தொடங்கும். மின்காந்தத்தால் திரவத்தைக் கலக்குவதும், உறையும் முனையில் உருளைகளால் பாளத்தைச் சில மில்லிமீட்டர் மெல்ல அழுத்துவதும் இதற்குக் கண்ட மருந்துகள். கோடு மெலியும், முற்றும் மறைவதில்லை.

மெலிந்ததா இல்லையா என்று அறிய ஆலையில் பாளத்தின் குறுக்கே ஒரு துண்டை வெட்டி மெருகிட்டு, சூடான அமிலத்தில் தோய்ப்பர். கந்தகம் எங்கே திரண்டது என்று காண, அமிலத்தில் நனைத்த ஒளிப்படத் தாளை அதன்மேல் ஒட்டி எடுப்பர். இது 1906இல் பவ்மான் கண்ட முறை. அல்கிந்தியும் அல்பீரூனியும் அறிந்த வாள்வினைஞர், அடித்து மெருகிட்ட அலகின்மேல் 'ஸாஜ்' எனும் அன்னபேதி வகையைக் கரைத்துத் தடவினர். இரண்டிலும் அமிலம் அரித்து எழுப்புவது ஒரே கோலத்தை. அங்கே கோலம் தெளிவாக எழுந்தால் வாளின் விலை ஏறும். இங்கே எழுந்தால் பாளம் பழைய இரும்போடு சேர்ந்து மீண்டும் உலைக்குப் போகும்.